காதுக்குள்ள பாக்காம காதுல ஊத்தாதீங்க மக்களே!

ரொம்ப நாளா ஆறப்போட்டு வெச்சிருந்த விஷயம். ஆபீசுல ஆணி அதிகம், அதான் இவ்வளவு தாமதம். இன்னைக்கு எழுதியே தீரணும்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

புனேவுல நாங்க இருக்கற பக்கம் தமிழ்க் குடும்பங்களுக்குன்னு ஒரு வாட்சப் குழு இருக்கு. இட்லி அரிசி எங்க கிடைக்கும், பொங்கலுக்குக் கரும்பு யார் கொண்டு வராங்க, பசங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க யார் இருக்காங்க... இதுக்கெல்லாம் அருமையான குழு. ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவையாவது இந்தக் கேள்வி வந்துடும்: "எங்க வீட்டுப் பூனை காதை சொறிஞ்சிக்கிட்டே இருக்கு. உள்ள கருப்பா அழுக்கு. என்ன விடலாம்?"

பத்தே நிமிஷத்துல பதில் கொட்டும். ஒருத்தர், "எங்க பையனுக்கு காதுவலிக்கு வாங்கின சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கு, வந்து வாங்கிக்கோங்க"ம்பார். இன்னொருத்தர் பெட் ஷாப்புல கொடுத்த பாட்டிலைப் போட்டோ எடுத்துப் போடுவார். ஊர்லேர்ந்து வந்திருக்கற அம்மா சொன்னாங்கன்னு ஒருத்தங்க, நல்லெண்ணெயில ரெண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு காய்ச்சி வெதுவெதுப்பா விடச் சொல்லுவாங்க. கடைசியா ஒரு தத்துவஞானி வருவார்: "ஒண்ணும் பண்ண வேணாம். பூனை தானே நக்கி சரி பண்ணிக்கும்." அண்ணே, தன் காதுக்குள்ள நாக்கு எட்டற பூனையை நீங்க எங்க பாத்தீங்க?

இத்தனை பேர்ல ஒருத்தர்கூடக் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. "காதுக்குள்ள யாராவது பாத்தாங்களா?" என் மொத்த சண்டையும் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

"என்ன விடலாம்?"ங்கற கேள்வியே தப்பு. "என்ன இருக்கு?"ன்னுதான் முதல்ல கேக்கணும். கருப்பு அழுக்குங்கறது நோயோட பேர் இல்லை. நமக்கு ஜுரம் வர்ற மாதிரி, அது ஒரு அடையாளம் மட்டும்தான். டைபாய்டும் ஜுரம்தான், டெங்குவும் ஜுரம்தான்.

ஒரே மாதிரி அழுக்கு, வேற வேற வியாதி

பூனைக் காதுல அதிகம் பாக்கறது காது மைட்ஸ். கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கற வெள்ளைப் புள்ளி அளவு உண்ணி. காதுல இருக்கற மெழுகையும் தோல் செதிலையும் தின்னு வாழும். காபித்தூள் மாதிரி கருப்பா, உதிரி உதிரியா அழுக்கு சேரும். பெரும்பாலும் ரெண்டு காதுலயும் இருக்கும். தாய்கிட்ட இருந்து குட்டிக்கு, ஒரு பூனைகிட்ட இருந்து இன்னொண்ணுக்கு, ஏன், வீட்டு நாய்க்கும் ஒட்டும். "எங்க பூனை வீட்டை விட்டு வெளியவே போனதில்லை, எப்படி வந்துச்சு?"ன்னு கேக்கறவங்களே... பார்க்கிங்ல இருந்து மழையில நனைஞ்ச குட்டியா நீங்க தூக்கிட்டு வந்தப்பவே அது கூட வந்திருக்கும்.

அடுத்தது ஈஸ்ட். அது ஒரு பூஞ்சை. பழுப்பு நிறத்துல, பிசுபிசுன்னு, ஒரு மாதிரி ஊசிப்போன வாடையோட இருக்கும். இது பல சமயம் தானா வர்றதில்லை. பின்னாடி ஒவ்வாமை ஏதாவது ஒளிஞ்சிருக்கும். தீனியாலயும் இருக்கலாம், தெள்ளுப்பூச்சியாலயும் இருக்கலாம். பாக்டீரியான்னா மஞ்சளாவோ பச்சையாவோ சீழ், கிட்டப் போனாலே நாத்தம். இளம் பூனைகளுக்கு ஒரே ஒரு காதுல மட்டும் சீழ் வந்து, மருந்துக்கு அடங்கி அடங்கி திரும்ப வந்தா, உள்ள பாலிப்னு சொல்ற சதை வளர்ச்சி இருக்கான்னு பாக்கணும். வயசான பூனைன்னா கட்டி இருக்கான்னு பாக்கணும். காது மடல் ஓரத்துல தடிச்ச பொருக்கு கட்டி முகம், கழுத்துன்னு பரவினா அது வேற வகை உண்ணியால வர்ற சொறி. அது நம்ம மேலயும் ஒட்டி அரிக்க வைக்கும்.

இதுல ஒண்ணுக்குக் கொடுக்கற மருந்து இன்னொண்ணுக்கு உதவாது. மைட்ஸுக்கு வெறும் ஆன்டிபயாடிக் விட்டா மைட்ஸ் அப்படியேதான் இருக்கும். பாலிப்புக்கு எத்தனை பாட்டில் சொட்டு மருந்து ஊத்தினாலும் அது கரைஞ்சு போகாது.

வெளியிலேர்ந்து எட்டிப் பாத்து இதைச் சொல்லவும் முடியாது. பூனையோட காதுக்குழாய் ஆங்கில எழுத்து 'எல்' மாதிரி. முதல்ல நேரா கீழ இறங்கி, அப்புறம் உள்பக்கமா மடங்கும். மடங்கின இடத்துக்கு அந்தப் பக்கம்தான் செவிப்பறை. டார்ச் அடிச்சா உங்களுக்குத் தெரியறது முதல் பாதி மட்டும். பட்ஸை விட்டுக் குடைஞ்சா அழுக்கு வெளிய வராது, அந்த வளைவைத் தாண்டி உள்ள போய் அடைச்சுக்கும். ஆட்டோஸ்கோப்னு விளக்கு வெச்ச கருவி வேணும். அழுக்கை ஒரு கண்ணாடித் துண்டுல தடவி மைக்ரோஸ்கோப்புல பாக்கணும். மைட்ஸ் இருந்தா காலை ஆட்டிக்கிட்டுத் தெரியும். ஈஸ்டா பாக்டீரியாவாங்கறதும் சாயம் ஏத்திப் பாத்தா தெரிஞ்சிடும். இவ்வளவுதான் வேலை. ராக்கெட் விடற சமாச்சாரம் இல்லை.

இப்ப நம்ம குழு வைத்தியங்களை ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்

பூண்டு எண்ணெய்: பாட்டி வைத்தியத்தை நான் கிண்டல் பண்ண வரலை. எண்ணெய் கொஞ்சம் அழுக்கை இளக்கும், சில மைட்ஸ் மூச்சு முட்டிச் சாகவும் சாகும். அதனாலதான் ரெண்டு நாள் சொறியறது குறைஞ்ச மாதிரி தெரியுது. ஆனா பூண்டு, வெங்காயம் ரெண்டும் பூனையோட ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கற சரக்கு. காதுல விட்டதைப் பூனை பாதத்தால துடைக்கும், பாதத்தை நக்கும். அப்புறம், காது முழுக்க எண்ணெய் மிதக்கற பூனையை டாக்டர்கிட்ட கொண்டு போனா, அவருக்கு உள்ள எண்ணெய்தான் தெரியும், நோய் தெரியாது. கற்பூரம், டீ ட்ரீ ஆயில், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேணாம் சாமி.

பையனோட சொட்டு மருந்து: காதுக்கான சொட்டு மருந்துகள்ல ஜென்டாமைசின், நியோமைசின் வகை ஆன்டிபயாடிக் சேர்ந்தது நிறைய இருக்கு. செவிப்பறை கிழிஞ்சிருந்தா இது உள்காதுக்குப் போய், கேக்கற சக்தியையும் உடம்பு நிதானத்தையும் பாத்துக்கற செல்களைக் கெடுக்கற ஆபத்து இருக்கு. அந்த செல்கள் போனா போனதுதான், திரும்ப முளைக்காது. செவிப்பறை முழுசா இருக்கான்னு தெரியாம இதை விடறது கண்ணைக் கட்டிக்கிட்டு பைபாஸ்ல வண்டி ஓட்டற மாதிரி.

நாய்க்கு வாங்கின மருந்து: இதுதான் உயிரை எடுக்கறது. நாய்களோட உண்ணிக்குப் பிடரியில விடற சில மருந்துகள்ல பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒண்ணும் ஆகாது. பூனைக்கு உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, செத்தே போகலாம். நாய் தன் ஈரல்ல உடைச்சுத் தள்ளற சில ரசாயனங்களைப் பூனை ஈரலால சரியா உடைக்க முடியாது. பூனைங்கறது சின்ன நாய் இல்லைங்க! இதே காரணத்தாலதான் "காது வலிக்குமே பாவம்"னு பாராசிட்டமால் கொடுக்கறதும் கொலைக்குச் சமம். 500 மில்லிகிராம் மாத்திரையில பாதி, ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசி: இதையும் சொல்றாங்க. அதுல ஒரு மில்லியில 10 மில்லிகிராம் மருந்து. மாட்டுக்குக் கணக்குப் பண்ணின அடர்த்தி அது. ஒரு கிலோ பூனைக்குட்டிக்குன்னு கணக்குப் போட்டா ஒரு சொட்டுக்கும் குறைவாத்தான் வரும். அதை வீட்டுல யார் அளக்கப் போறீங்க? கூடிப்போனா குட்டி தள்ளாடும், பார்வை போகும், கோமாவுக்கே போகும்.

"அஞ்சு நாள்ல சரியாயிடுச்சு"ங்கற மாயை

"அட போப்பா, எங்க பூனைக்கு அந்த டிராப்ஸ் அஞ்சு நாள் விட்டோம், சரியாப் போச்சு"ன்னு கட்டாயம் யாராவது சொல்லுவாங்க. நம்பறேன். கடையில கிடைக்கற கலவை மருந்துகள் பலதுல ஸ்டீராய்டு இருக்கு. அது அரிப்பை அடக்கிடும். பூனை சொறியறதை நிறுத்தினதும் நாம மருந்தை நிறுத்திடுவோம். ஆனா மைட்ஸ் முட்டையிலேர்ந்து முழுசா வளர்ந்து அடுத்த முட்டை போடற சுற்றுக்கு சுமார் 3 வாரம் ஆகும். அஞ்சாவது நாள் நீங்க வெற்றிக்கொடி நாட்டறப்ப முட்டையெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. அடுத்த மாசம் அதே கேள்வி, அதே குழுவுல, அதே எட்டு பதில்!

இன்னொண்ணு. மைட்ஸ் காதுக்குள்ள மட்டும் குடியிருக்கறதில்லை. கழுத்து, வால்னு ரோமத்துலயும் திரியும். அதனாலதான் இப்பல்லாம் டாக்டருங்க செலாமெக்டின், மாக்சிடெக்டின் மாதிரி பிடரித்தோல்ல விடற மருந்தை, பூனையோட எடை பாத்து, பூனைக்குன்னே வர்ற அளவுல எழுதறாங்க. வீட்டுல மூணு பூனை இருந்தா மூணுக்கும் ஒரே நேரத்துல பண்ணணும். ஒண்ணுக்கு மட்டும் பண்ணினா மத்த ரெண்டும் திருப்பிக் கொடுத்துடும்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை

பழியெல்லாம் வாட்சப் குழு மேல போட்டுட்டு நான் தப்பிச்சுக்க விரும்பலை. எங்க மாடியில ஒரு தமிழ்க் குடும்பம். ஒன்றரை வயசுல ஒரு செம்பட்டைப் பூனை, வீட்டுப் பாப்பாவுக்கு அதுதான் உலகம். இடது காதுல சீழ். ஒரு கிளினிக்குக் கொண்டு போயிருக்காங்க. டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமே உக்காந்து, கூடையைக்கூடத் திறக்கச் சொல்லாம, ரெண்டு நிமிஷத்துல சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துட்டார். பத்து நாள்ல பூனை தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு, வட்டமா சுத்த ஆரம்பிச்சது. கண்மணி ரெண்டும் பக்கவாட்டுல துடிச்சுக்கிட்டே இருந்தது. ஹிந்தி எனக்குக் கொஞ்சம் பரவாயில்லைங்கறதால, ரெண்டாவது டாக்டர்கிட்ட போறப்ப கூட நானும் போனேன். அவங்க மயக்கம் கொடுத்து உள்ள பாத்தாங்க. பாலிப். செவிப்பறை கிழிஞ்சு நடுக்காது முழுக்க சீழ். சதையை இழுத்து எடுத்துட்டாங்க. பூனை பொழைச்சுது. ஆனா தலை இன்னும் சாஞ்சுதான் இருக்கு, அந்தப் பக்கம் காது கேக்கலை. ஜன்னலுக்குத் தாவினா குறி தப்பி விழுது. பாப்பா அங்க ஒரு முக்காலி போட்டு வெச்சிருக்கா.

நோயால காது போச்சா, மருந்தால போச்சா? இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஏன்னா முதல் சொட்டு விழறதுக்கு முன்னாடி செவிப்பறை எப்படி இருந்துச்சுன்னு யாரும் பாக்கலை. எனக்கு ஆத்திரமே அதுலதான். பாக்கறதுக்குத்தானே டாக்டர்? எழுதிக் கொடுக்க மட்டும்னா எங்க குழுவே போதுமே!

இதுல நம்ம பங்கும் இருக்கு. வெளியூர்ல இருக்கோம். டாக்டர் ஹிந்தியிலயும் மராத்தியிலயும் படபடன்னு பேசறார். நமக்கு பாதி புரியாது. புரியாத ஒவ்வொண்ணுக்கும் "ஹான் ஜி, ஹான் ஜி"ன்னு தலையாட்டிட்டு சீட்டை வாங்கிட்டு வந்துடறோம். ஆபீசுல கிளையன்ட்கிட்ட ஆயிரம் கேள்வி கேக்கற நமக்கு இங்க மட்டும் என்ன கூச்சம்? மூணே வாக்கியம் மனப்பாடம் பண்ணிக்கோங்க. "கான் கே அந்தர் தேக்கியே", அதாவது காதுக்குள்ள பாருங்க. "கான் கா பர்தா டீக் ஹை க்யா?", செவிப்பறை நல்லா இருக்கா? "மைக்ரோஸ்கோப் மே தேக்கா க்யா?", இதுக்கு மொழிபெயர்ப்பு வேணாம். அரிப்புக்கு ஹிந்தியில குஜ்லி, மராத்தியில காஜ். இந்தக் கேள்விக்குக் கோபப்படற டாக்டர்னா, அடுத்த டாக்டரைத் தேடுங்க.

பக்கத்துல நல்ல கிளினிக் இல்லை, செலவு கட்டுப்படியாகலைன்னா கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கு. மும்பைக்காரங்களுக்குப் பரேல், பெங்களூர்க்காரங்களுக்கு ஹெப்பாள், லீவுல ஊர்ப்பக்கம் போறவங்களுக்குச் சென்னை வேப்பேரி. கூட்டம் இருக்கும், காத்திருக்கணும். பரவாயில்லை.

"எங்க ஊர்ல பூனைக்கு யார் டாக்டர் பாத்தா?"

இந்தக் கேள்வியும் வரும்னு தெரியும். ஊர்ல மாட்டாஸ்பத்திரி இருந்துச்சு, பூனையை யாரும் அங்க தூக்கிட்டுப் போனதில்லை, உண்மைதான். ஆனா ஊர்ப் பூனைங்க "நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு எப்படி சொல்றீங்க? வர்றது நின்னுபோன பூனையை யார் தேடினா? அடுத்த குட்டி வந்துடும், நாமளும் மறந்துடுவோம். அங்க பூனை திண்ணைக்கு வந்து போற விருந்தாளி. இங்க ரெண்டு பெட்ரூம் பிளாட்டுக்குள்ள பதினஞ்சு வருஷம் கூட வாழப் போற உசுரு. கதவைப் பூட்டி வெச்சிருக்கறது நாம. அப்ப பொறுப்பும் நம்மளதுதான்.

பணம்? ஆயிரக்கணக்குல கொடுத்து பெர்ஷியன் வாங்கறோம். அதுக்கு மரம் மாதிரி ஒரு விளையாட்டு சாமான் வாங்கறோம். ஒரு ஸ்லைடு பாக்க மட்டும் "பூனைக்கு இவ்வளவா?"ன்னு கேக்கறோம். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டுன்னு நினைச்சுக்குமாம். இங்க கண்ணை மூடிக்கிட்டிருக்கறது பூனை இல்லை.

மனுஷன் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும். பூனைக்கு 60,000 தாண்டியும் கேக்கும். நாம சாவியை எடுக்கறதுக்கு முன்னாடியே லிப்ட் சத்தத்தை வெச்சு வாசலுக்கு ஓடி வருதே, அந்தக் காதைத்தான் பாதி பாட்டில் மிச்ச மருந்துக்கு நாம பணயம் வைக்கறோம்.

சரி, வீட்டுல நாம என்னதான் பண்றது?

வாரத்துக்கு ஒரு தடவை, மடியில உக்காரும்போது மடலைத் திருப்பிப் பாருங்க. வெளிர் ரோஸ் நிறம், லேசா மெழுகு, வாடை இல்லை. இதுதான் ஆரோக்கியம். அப்படி இருந்தா சுத்தம் பண்றேன்னு கிளம்பாதீங்க, அதை விட்டுடுங்க. மோந்து பாக்கவும் கூச்சப்படாதீங்க. கண்ணை விட மூக்கு சீக்கிரம் சொல்லும். அடிக்கடி தலையை உதறுது, காதுக்குப் பின்னாடி நகக்கீறல், தொட்டா சீறுது, அழுக்கு, நாத்தம்... இதுல ஏதாவது இருந்தா அந்த வாரமே டாக்டர். போறதுக்கு முன்னாடி காதைத் துடைச்சு பளபளன்னு ஆக்காதீங்க, அந்த அழுக்குதான் அவருக்கு சாட்சி.

தலை சாயுது, தள்ளாடுது, கண்மணி துடிக்குது, ஒரு பக்கம் கண்ணு மட்டும் சுருங்கி உள் இமை மூடுது, வாயைத் திறந்து மெல்ல முடியலைன்னா அன்னைக்கே போகணும். காது மடல் திடீர்னு பலூன் மாதிரி உப்பினா, உதறி உதறி உள்ள ரத்தம் கட்டியிருக்கு. நீங்களே ஊசியால குத்தி எடுக்காதீங்க. ரத்தத்தை மட்டும் எடுத்தாலும் பத்தாது, உதற வைக்கற நோயையும் பாக்கணும். வெள்ளைப் பூனை வெச்சிருக்கறவங்க, பால்கனி வெயில்ல காது நுனி சிவந்து பொருக்கு கட்டினா அலட்சியம் பண்ணாதீங்க, அது தோல் புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

டாக்டர் பாத்து, செவிப்பறை முழுசா இருக்குன்னு சொல்லி, சுத்தம் பண்ணவும் சொன்னா மட்டும்: மருந்து பாட்டிலைக் கையில வெச்சுச் சூடு பண்ணிக்கோங்க, சில்லுனு விட்டா தலை சுத்தும். குழாய் நிறைய விட்டு, காதோட அடிப்பக்கத்தை அரை நிமிஷம் பிசைஞ்சு விட்டா சளசளன்னு சத்தம் கேக்கும். விட்டுடுங்க, அதுவே உதறும். வெளிய வந்ததை மட்டும் பஞ்சால துடைங்க. சொன்ன நாள் முழுக்க மருந்து விடுங்க. மறுபடி காட்டச் சொன்ன தேதியில கண்டிப்பா போங்க.

அடுத்த தடவை குழுவுல யாராவது கேட்டா, மருந்துப் பேர் எதுவும் சொல்லாதீங்க. "டாக்டர் உள்ள பாத்தாரா?"ன்னு மட்டும் திருப்பிக் கேளுங்க. நான் அதைத்தான் பண்ணிட்டு இருக்கேன். குழுவுல எனக்கு "காது மாமா"ன்னு பேர் வெச்சுட்டாங்களாம், தங்கமணி வந்து சொல்லிச் சிரிக்கறாங்க. சிரிக்கட்டும் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கோடு தட்டறவன். இதைப் படிச்சிட்டு நீங்களே வைத்தியம் ஆரம்பிச்சா, நான் இவ்வளவு நேரம் கத்தினது வீண்.

பி.கு: தெருப்பூனைக்கு ஒரு காது நுனி மட்டும் கத்தரிச்ச மாதிரி நேரா வெட்டியிருந்தா பதற வேணாம். அது கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சுங்கறதுக்கான அடையாளம்.